மீன்பிடி விதிகளை நாடாளுமன்றக் குழுக்கள் எப்போது, எப்படிச் சோதிக்கின்றன?

கடலூரை அடுத்த தாழங்குடாவிலிருந்து மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “2025 நவம்பரில் ஒன்றிய அரசு, பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பதற்குப் புதிய விதிகளை வெளியிட்டது. எந்த எம்.பி.யும் இதற்கு வாக்களித்ததாகத் தெரியவில்லை. நாடாளுமன்றக் குழு பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். எந்தக் குழு, எப்போது, எதைப் பார்க்கும்? எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து சொல்வது அதன் காதுக்குப் போகுமா?”

முதலில் நேரடியான விடை. யாரும் வாக்களிக்கவில்லை என்பது உண்மை. வாக்களிக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. நாடாளுமன்றக் குழுக்களுக்கு இந்த விதிகளைச் சோதிக்கும் அதிகாரமும் கடமையும் உண்டு. ஆனால் விதி நடைமுறைக்கு வந்து, படகுக்காரர்கள் அதற்குக் கட்டுப்பட்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான் குழுவின் பார்வை அதன்மேல் விழுகிறது. நம் நாட்டு முறையின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் உறுதியான கருத்து. ஊர்ப் பஞ்சாயத்தின் குரல் குழுவை எட்ட வழி இருக்கிறது. அது குறுகலான வழி, காலக்கெடு உள்ள வழி.

மீனவர் வாழ்க்கையைத் தொடுவது பெரும்பாலும் சட்டம் அல்ல, சட்டத்தின் கீழ் எழுதப்படும் விதி. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. எந்தக் கடற்பகுதியில் எந்த வகைப் படகு தொழில் செய்யலாம், எந்த வலையை அனுமதிக்கலாம், எந்த மாதங்களில் தொழிலை நிறுத்தலாம் என்பவற்றை முடிவுசெய்யும் அதிகாரத்தைச் சட்டப்பேரவை அந்தச் சட்டத்தின் வழியாக அரசிடம் ஒப்படைத்தது. வலையின் கண்ணி அளவு, கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு அப்பால் விசைப்படகு மடி (இழுவலை) இழுக்கலாம், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குள் துறைமுகம் திரும்ப வேண்டும் என்பவையெல்லாம் அந்த அதிகாரத்தைக் கொண்டு துறை எழுதுபவை. சட்டத்தை மாற்ற மசோதா வேண்டும், விவாதம் வேண்டும், வாக்கெடுப்பு வேண்டும். விதியை மாற்ற அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.

கடலும் ஆளுகையில் பிரிந்துதான் கிடக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 21-ஆம் இனம் மீன்வளம்; ஒன்றியப் பட்டியலின் 57-ஆம் இனம் ஆட்சிக்குட்பட்ட கடல் எல்லைக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு. அந்த எல்லை 12 கடல் மைல் என்றும், பிரத்தியேகப் பொருளாதார மண்டலம் 200 கடல் மைல் வரை என்றும் 1976-ஆம் ஆண்டின் கடல் மண்டலங்கள் சட்டம் வகுக்கிறது. உங்கள் ஊரின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. தாழங்குடாவுக்கு வடக்கே மூர்த்திக்குப்பம், பனித்திட்டு, நல்லவாடு ஆகியவை புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தவை. அங்கே 2008-ஆம் ஆண்டின் புதுச்சேரி கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆக, ஒரே நாள் தொழிலில் ஒரு படகு தமிழ்நாட்டு விதி, புதுச்சேரி விதி, ஒன்றிய அரசின் விதி என மூன்றுக்கும் உட்பட நேரிடும். அந்த மூன்று விதித் தொகுப்புகளுக்கும் சோதனை நடக்கும் இடமும் தனித்தனி: சென்னை, புதுச்சேரி, டெல்லி.

டெல்லியில் இதோடு தொடர்புடைய குழுக்கள் இரண்டு வகை. முதல் வகை, துறைசார் நிலைக்குழு. 1993-இல் 17 குழுக்களாகத் தொடங்கி, 2004-இல் 24 ஆக விரிந்த ஏற்பாடு இது. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள். மீன்வளத் துறையை வேளாண்மை, கால்நடை பராமரிப்பு, உணவு பதப்படுத்துதல் ஆகியவற்றுக்கான நிலைக்குழு கவனிக்கிறது. ஊரக வளர்ச்சிக்கும் ஊராட்சிகளுக்கும் தனிக் குழு இருக்கிறது. மானியக் கோரிக்கைகள் (துறைகள் கேட்கும் ஆண்டுச் செலவுத் தொகைகள்), அனுப்பப்படும் மசோதாக்கள், ஆண்டறிக்கைகள், நீண்டகாலக் கொள்கை ஆகியவை இவற்றின் வேலை. அன்றாட நிர்வாகத்தில் இவை தலையிடுவதில்லை. ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒதுக்கிய தொகை ஏன் செலவாகவில்லை என்று துறைச் செயலாளரை உட்காரவைத்துக் கேட்பது இந்தக் குழுதான். பரிந்துரைகளுக்கு அரசு மூன்று மாதத்தில் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். ஆனால் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலி, ஊரகப் பொருட்களின் இன்றைய விலைக்கு ஏற்ப உயர வேண்டும் என்று ஊரக வளர்ச்சிக் குழு அறிக்கைக்கு அறிக்கை எழுதியும், கூலியை நிர்ணயிக்கும் முறை மாறாமலேயே ஆண்டுகள் ஓடின. கிராமப்புற நடப்பில் குழுவின் சொல்லுக்கு எவ்வளவு வலு என்பதற்கு அதுவே போதுமான சான்று.

அனுப்பப்படும் மசோதாக்களும் குறைந்துவிட்டன. 15-ஆவது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-ஆவது மக்களவையில் அது 16 விழுக்காடு.

இரண்டாவது வகைதான் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது: சார்நிலைச் சட்டங்களுக்கான, அதாவது சட்டத்தின் கீழ் அரசு எழுதும் விதிகளுக்கான குழு. மக்களவைக்கு ஒன்று, மாநிலங்களவைக்கு ஒன்று. இரண்டிலும் 15 உறுப்பினர்கள். மக்களவைக் குழுவில் அமைச்சர்கள் இடம்பெற முடியாது. மக்களவைக் குழு 1953-இலிருந்து இயங்குகிறது. நாடாளுமன்றம் கொடுத்த அதிகாரத்தை அரசு அதன் எல்லைக்குள் நின்று பயன்படுத்தியிருக்கிறதா என்று பார்ப்பதே இதன் பணி. எந்தக் கோணங்களில் பார்க்க வேண்டும் என்பதை மக்களவை நடைமுறை விதிகளின் 320-ஆவது விதி பட்டியலிடுகிறது. விதி தன் தாய்ச் சட்டத்தின், அதாவது எந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டதோ அதன், நோக்கத்தோடு ஒத்துப்போகிறதா? நாடாளுமன்றமே சட்டமாக இயற்றியிருக்க வேண்டிய விஷயம் விதிக்குள் வந்துவிட்டதா? வரி ஏதும் புகுந்திருக்கிறதா? நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை மறைமுகமாக அடைக்கிறதா? சட்டம் வெளிப்படையாக அனுமதிக்காதபோது முன்தேதியிட்டுச் செல்லுபடியாகிறதா? கொடுத்த அதிகாரம் வழக்கத்துக்கு மாறாகவோ எதிர்பாராத விதத்திலோ பயன்படுத்தப்பட்டிருக்கிறதா? வெளியிடுவதிலும் அவையில் வைப்பதிலும் காரணமற்ற தாமதம் நேர்ந்ததா? எழுதியிருக்கும் விதத்துக்கு விளக்கம் தேவைப்படுகிறதா?

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள். விதி நல்லதா, மீனவருக்கு அது கட்டுப்படியாகுமா, கடலுக்கு அது பயன் தருமா என்ற கேள்வி இங்கே இல்லை. அது முதல் வகைக் குழுவின் எல்லை. ஆனால் அந்தக் குழுவோ விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு குழு நியாயத்தைக் கேட்கலாம், விதியைத் தேடிப் படிப்பதில்லை. இன்னொரு குழு விதியைப் படிக்கிறது, நியாயத்துக்குள் போவதில்லை. மீனவருடைய குறை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழுந்து கிடக்கிறது.

இப்போது நீங்கள் குறிப்பிட்ட விதிகளையே எடுத்து, குழு உறுப்பினர் ஒருவர் எப்படிப் படிக்க வேண்டும் என்று பார்ப்போம். 2025 நவம்பர் 4 அன்று வெளியான இவை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை. 12 கடல் மைலுக்கு அப்பால் தொழில் செய்யும் விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் இணையவழியில் அனுமதிச் சீட்டு பெற வேண்டும், பாரம்பரிய மீனவர்களுக்கும் சிறு படகுகளுக்கும் விலக்கு உண்டு, எல்.இ.டி. விளக்கு வைத்துப் பிடிப்பதும் இரட்டைமடி இழுப்பதும் (இரு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுப்பது) கூடாது. இவற்றில் பலவற்றை நானும் வரவேற்கிறேன். இரட்டைமடி கடலின் அடியை வாரிவிடுகிறது என்பதை நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தாய்ச் சட்டத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் வளங்களை எடுக்க ஒன்றிய அரசின் உரிமமோ உடன்பாடோ வேண்டும் என்று 7-ஆம் பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு சொல்கிறது. அதன் வரம்புரையில் (விலக்கைச் சொல்லும் வாக்கியத்தில்), இந்தியக் குடிமகன் மீன்பிடிப்பதற்கு அந்த உட்பிரிவு பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறது. அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவோ, மண்டலத்தின் வளங்களைப் பயன்படுத்துவது, பாதுகாப்பது, நிர்வகிப்பது ஆகியவற்றை ஒழுங்குபடுத்த விதிகள் செய்யும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் இயல்பாக எழும் கேள்வி: இந்தியக் குடிமகனை நாடாளுமன்றம் எதிலிருந்து விலக்கி வைத்ததோ, அதற்கு அருகிலேயே வரும் ஓர் அனுமதிச் சீட்டை விதி வழியாகக் கொண்டுவரலாமா? 15-ஆம் பிரிவு அதற்குத் தாராளமாக இடம் தருகிறது என்று அரசு வாதிடலாம். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. மறுபக்கத்தில், இதே பொருளில் இந்தியக் கடல் மீன்வள மசோதா என்று ஒன்றை 2021 மழைக்காலக் கூட்டத்தொடருக்கான பட்டியலில் அரசே சேர்த்திருந்தது என்பதையும், கரையோர எதிர்ப்புக்கு நடுவே அது அறிமுகம் ஆகாமலே நின்றது என்பதையும் எடுத்துக்காட்டி, சட்டமாக வர வேண்டியது விதியாக வந்திருக்கிறது என்று கேட்கலாம். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. 320-ஆவது விதியின் பட்டியல் இதைக் கேட்கச் சொல்கிறது, கேட்க வேண்டிய இடம் இந்தக் குழு என்பதையே அழுத்திச் சொல்கிறேன்.

காலக்கெடு பற்றி. ஒன்றியச் சட்டங்களில் வழக்கமாக உள்ள ஏற்பாட்டின்படி, விதிகள் வெளியான பிறகு இரு அவைகளிலும் கூட்டத்தொடர் நடக்கும் காலத்தில் மொத்தம் 30 நாட்கள் வைக்கப்பட வேண்டும். ஒரே தொடரில் முடியாவிட்டால் அடுத்தடுத்த தொடர்களைச் சேர்த்துக் கணக்கிடலாம். அதற்கு அடுத்த தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் விதியைத் திருத்தலாம், நீக்கலாம். அதற்கான தீர்மானத்துக்கு எந்த உறுப்பினரும் முன்னறிவிப்புக் கொடுக்கலாம். நிறைவேறுவது மிக அரிது. நிறைவேறினாலும், அதுவரை அந்த விதியின் கீழ் நடந்தவை செல்லும்; அந்த இடைவெளியில் ஒரு படகுக்கு விதித்த அபராதம் தானாகத் திரும்பி வராது.

இதே வேலையை வேறு வரிசையில் செய்யும் நாடுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில், இத்தகைய பெரும்பாலான ஆணைகள் நடைமுறைக்கு வருவதற்குக் குறைந்தது 28 நாட்கள் முன்னதாக அவையில் வைக்கப்பட வேண்டும். 40 நாட்களுக்குள் அதை நீக்கப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். முதலில் ஒப்படைக்கப்பட்ட அதிகாரங்களுக்கான குழு சட்டநோக்கில் பார்த்து அறிக்கை தரும். அதை வைத்துக்கொண்டு கிராமப்புற விவகாரங்கள் மற்றும் தீவுகளுக்கான குழு நியாயநோக்கில் விவாதிக்கும். இரண்டு கண்களும் ஒரே தாளின்மேல், ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. 2022 தொடக்கத்தில் கிளைடு வளைகுடாவில் காட் மீன் முட்டையிடும் காலத்துக்காக, பிப்ரவரி 14 முதல் ஏப்ரல் 30 வரை ஒரு பகுதியை மூடும் ஆணை வந்தது. முந்தைய ஆண்டுகளில் கூண்டு வைப்பவர்களுக்கும் இறால் இழுப்பவர்களுக்கும் இருந்த விலக்கு அம்முறை எடுக்கப்பட்டதால் கரையில் கொந்தளிப்பு எழுந்தது. சில வாரங்களிலேயே அரசு முதல் ஆணையை விலக்கிக்கொண்டு, பரப்பைக் குறைத்து இரண்டாவது ஆணையைக் கொண்டுவந்தது. அந்த அவசரத்தில் 28 நாள் விதியைக் காக்க முடியவில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசின்மேல் விழுந்தது. மூடல் நின்றுவிடவில்லை, ஆணை நீடித்தது. ஆனாலும் எந்த ஆய்வை நம்பி மூடுகிறீர்கள், யாருக்கு எவ்வளவு இழப்பு என்ற கேள்விகள் பகிரங்கமான குழுக் கூட்டத்தில், ஒளிபரப்புக்கு நடுவே கேட்கப்பட்டன. நம் நாடாளுமன்றக் குழுக்கள் மூடிய அறையில் கூடுகின்றன. வெளியே வருவது அறிக்கை மட்டும்.

சென்னைக்கு வருகிறேன். தமிழ்நாடு சட்டப்பேரவையில் சட்டவிதிகள் ஆய்வுக் குழு இருக்கிறது. பேரவை முன் வைக்கப்படும் ஏடுகளைப் பார்க்கத் தனிக் குழுவும், மனுக்கள் குழுவும் இருக்கின்றன. விதிகளைப் பேரவை முன் வைக்க வேண்டும், அந்தத் தொடரிலோ அடுத்த தொடரிலோ பேரவை அவற்றை மாற்றலாம் என்ற பிரிவு மாநிலச் சட்டங்களில் வழக்கமாக இடம்பெறுவது. உங்கள் தொழிலை அன்றாடம் தொடுவது மாநில விதிகள்தான் என்பதால், டெல்லியைவிட இங்கே நடக்கும் சோதனை ஆழமாக இருக்க வேண்டும். நடைமுறையில் எதிர்மாறாக இருக்கிறது. பேரவை ஆண்டுக்குக் கூடும் நாட்கள் குறைவு; மானியக் கோரிக்கை விவாதங்களே அவற்றை விழுங்கிவிடுகின்றன.

மீன்கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கும் சுருக்குமடி வலையின் விவகாரம் இதற்கு நம் கண்முன் உள்ள சான்று. 2000-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அந்த வலையைத் தடைசெய்தது. 2022 பிப்ரவரியில் தடை மீண்டும் அரசாணையாக வந்தது. 12 கடல் மைலுக்கு அப்பால் மாநிலத்தின் தடை செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரி 24 அன்று இடைக்கால உத்தரவு வந்தது: அந்த எல்லைக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாட்கள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, கண்காணிப்புக் கருவி பொருத்திய பதிவுபெற்ற படகுகள் சுருக்குமடி போடலாம். தேவனாம்பட்டினத்திலும் நல்லவாட்டிலும் வீராம்பட்டினத்திலும் இந்த வலையால் ஊருக்கும் ஊருக்கும் எவ்வளவு பகை வளர்ந்தது என்பது நீங்கள் அறிந்ததே. சுருக்குமடி வேண்டுமா வேண்டாமா என்பது கரையில் தீராத வழக்கு. அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் மாநில அரசின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பது ஒரு விதியைப் படிக்கும் குழு முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி. அதைப் பேரவையில் தெளிவாக்கிக்கொள்ளாமல் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளும் வழி, கடன் வாங்கி வலை போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒருசேரச் செலவு வைக்கிறது.

புதுச்சேரியில் நிலைமை வேறு மாதிரி. 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசங்கள் அரசாங்கச் சட்டத்தின்படி, 30 தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கொண்ட பேரவை அங்கே மாநிலப் பட்டியல் இனங்களில் சட்டம் இயற்றலாம். அதே பேரவையின் அதிகாரத்தின் கீழ்தான் கிழக்குக் கரையில் புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் ஆகியவையும் மேற்குக் கரையில் மாஹேயும் வருகின்றன. கிழக்கில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். மாஹேயில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சிறிய பேரவையில் அமைச்சர்களையும் பேரவைத் தலைவரையும் கழித்தால் குழுக்களில் உட்கார மிஞ்சும் உறுப்பினர்கள் சிலர்தான். அவர்களே பல குழுக்களில் இருக்க வேண்டும். நாடாளுமன்றத்திலோ புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர். அந்த இருவரும் மேற்சொன்ன குழுக்களில் இல்லாத ஆண்டுகளில், குழு அறைக்குள் புதுச்சேரிக் கரையின் குரல் மனுவாக மட்டுமே போக முடியும்.

உங்கள் பஞ்சாயத்து என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். வரைவு நிலையில் கருத்துக் கேட்பதை எல்லாச் சட்டங்களும் கட்டாயமாக்கவில்லை. தாய்ச் சட்டம் முன்வெளியீட்டைக் கோரினால் மட்டுமே அரசுக்கு அது கடமை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிக் கோரவில்லை. 2014-இல் ஒன்றிய அரசு வகுத்த சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, வரைவுகளை 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. அது கொள்கை, சட்டம் அல்ல. ஆனால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை போன்ற சுற்றுச்சூழல் அறிவிக்கைகளுக்கு 60 நாள் அவகாசம் விதியிலேயே இருக்கிறது. அந்த அவகாசத்தைத் தவறவிடாதீர்கள். பின்னால் குழுவிடம் போகும்போது, “அன்றே எழுத்தில் சொன்னோம்” என்று காட்டும் தாள் எல்லாவற்றையும்விட வலுவானது.

விதி வெளியாகிவிட்டால், கடலூர் மக்களவை உறுப்பினரை நேரில் பார்த்து, அவைமுன் விதி எந்த நாளில் வைக்கப்பட்டது என்பதைக் கேட்டு வாங்குங்கள். திருத்தத் தீர்மானத்துக்கு முன்னறிவிப்புக் கொடுக்கும் உரிமை அவருக்கு எப்போது முடிகிறது என்பது அந்த நாளை வைத்துத்தான் கணக்காகும். சார்நிலைச் சட்டங்களுக்கான குழுவின் தலைவருக்கு நேரடியாக ஒரு மனு அனுப்புங்கள். அதில் வாழ்வாதாரம் போய்விடும் என்று மட்டும் எழுதினால், நியாயமான குறையாக இருந்தும், அது எங்கள் எல்லைக்குள் வராது என்று குழு விட்டுவிட நேரும். விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, தாய்ச் சட்டத்தின் எந்தப் பிரிவைத் தாண்டுகிறது அல்லது எந்தச் சொல் தெளிவில்லாமல் அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது என்று எழுதுங்கள். சிறு படகு என்பது எந்த அளவு வரை, மோட்டாரின் குதிரைத்திறன் அதில் கணக்கா, உங்கள் ஊர் ஃபைபர் படகு விலக்குக்குள் வருகிறதா என்று தெளிவுபடுத்தக் கேட்பதும் 320-ஆவது விதிக்குள் வரும் கேள்விதான். வாழ்வாதாரக் கேள்வியை, வேளாண்மை நிலைக்குழு மானியக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் காலத்தில், அதாவது நிதிநிலைக் கூட்டத்தொடரின் இடைவேளையில் போய்ச் சேரும்படி தனி மனுவாக அனுப்புங்கள். மக்களவை மனுக்கள் குழுவுக்கு முறையான மனு என்றால் தமிழில் எழுதலாம். கையொப்பமிட்ட ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பு ஒன்றை உடன் இணைக்க வேண்டும்.

மாநில விதி என்றால் சென்னையில் சட்டவிதிகள் ஆய்வுக் குழுவுக்கும் மனுக்கள் குழுவுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். நல்லவாடு, மூர்த்திக்குப்பம் பஞ்சாயத்தார் புதுச்சேரிப் பேரவைக்கு அதே நாளில், அதே கேள்வியோடு எழுதினால், ஒரே கடலில் இரண்டு அளவுகோல் எதற்கு என்று இரண்டு அரசுகளும் பதில் எழுத வேண்டியிருக்கும்.